மின்கம்பியாளரின் கைக்கருவிகளும் கருவிப்பையும்: சங்கரன்கோவில் வட்டாரம்

மின்கம்பியாளர் வேலைக்குக் கொண்டுபோகும் கைக்கருவிகளையும், அவற்றை உடம்போடு தாங்கும் பையையும் தேர்ந்தெடுப்பது பற்றியது இக்கட்டுரை. கருவிகளில் பெரும்பாலானவை உலகம் எங்கும் ஒன்றுதான். எது முதலில் வேண்டும், எதைக் காசு கொடுத்து நல்லதாக வாங்க வேண்டும், எதை எங்கே செருகிக்கொள்ள வேண்டும் என்பவை வேலைக்கு வேலை மாறும். ஆகவே தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் முன்வைத்தே இங்கு விளக்கப்படுகிறது.

ஊரும் வேலையும்

சங்கரன்கோவில், திருநெல்வேலிக்கு வடமேற்கே சுமார் 55 கி.மீ. தொலைவில், விருதுநகர்–தென்காசி ரயில் பாதையில் அமைந்த நகராட்சி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து அதோடு சேர்ந்தது. சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசுத் திருவிழாவும் ஊரின் அடையாளம். விசைத்தறியும், பூச்சந்தையும், கிணற்றுப் பாசனமும் ஊரின் பிழைப்பு.

இந்த வட்டாரத்து மின்சாரத்தின் கதை தாமிரபரணியில் தொடங்குகிறது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்த பிறகு கம்பங்கள் ஊர் ஊராக நடப்பட்டன. கமலை ஓடிய கிணறுகளில் மோட்டார் ஏறியது. 2010இல் வாரியம் நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024 முதல் விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. ஊர்மக்கள் வாயில் இன்றும் அது ‘ஈ.பி.’தான். மீட்டர் வரை ஈ.பி.யின் வேலை. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள எல்லாம் உரிமம் பெற்ற தனியார் மின்கம்பியாளரின் கையில்.

பெருநகரத்தில் வீட்டு ஒயரிங் ஒருவர், மோட்டார் ஒருவர், பேனல் ஒருவர் என்று பிரிந்து நிற்பார்கள். இங்கே அப்படி இல்லை. காலையில் தெருவில் ஒரு வீட்டு ஃபேன், பத்து மணிக்குத் தறிக்கூடத்தில் எரிந்துபோன ஸ்டார்ட்டர், வெயில் ஏறிய நேரத்தில் தோட்டத்துக் கிணற்று மோட்டார் என்று மூன்றுக்கும் ஒரே ஆள், ஒரே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போகிறார். 230 வோல்ட் ஒற்றை ஃபேஸும் 400 வோல்ட் மும்முனை மின்சாரமும் ஒரே நாளில் அவர் கையில் படுகின்றன. ஆடித்தபசு நெருங்கினால் பந்தல் வேலையும் சீரியல் லைட்டும் இதோடு சேரும். அவரது கருவித்தொகுதி இந்த மூன்று இடத்துக்கும் பொருந்த வேண்டும். அதே சமயம் தோளில் ஏற்றிச் சுமக்க முடிகிற அளவில் இருக்க வேண்டும். நூறு உருப்படிகள் கொண்ட ‘செட்’ பெட்டி வாங்குவது இந்த வேலைக்குச் சரிப்படாது. அதில் பாதிக்கு மேல் பெட்டியிலேயே துருப்பிடிக்கும். மீதி முதல் மழைக்காலத்திலேயே வழுக்க ஆரம்பிக்கும். தேவையான கருவிகள் மட்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்து வாங்கியது, போதும்.

சோதிக்கும் கருவி

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் முதலில் வாங்குவது கட்டிங் பிளேயர். அதோடு சில்லறைக்கு ஒரு டெஸ்டர். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். கையிலுள்ள கருவிகளில் உயிரோடு நேராகத் தொடர்புடையது சோதிக்கும் கருவிதான்.

திருப்புளி வடிவ நியான் டெஸ்டருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5579 உண்டு. அதன் உள்ளே ஒரு நியான் குமிழும், மின்னோட்டத்தை மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பகுதியாக அடக்கிவிடும் மின்தடையும் இருக்கின்றன. முனையிலிருந்து மின்தடை, குமிழ், பிடிப்பவரின் விரல், உடல், தரை என்று சுற்று முடியும்போதுதான் குமிழ் எரிகிறது. அதாவது, சோதிப்பவரின் உடம்பே அந்தச் சுற்றில் ஒரு பகுதி. காய்ந்த மர ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றால் ஒளி மங்கலாம், அறவே எரியாமலும் போகலாம். மழையில் நனைந்த டெஸ்டரில் மின்சாரம் ஈரத்தின் வழியே மின்தடையைச் சுற்றிக்கொண்டு போகும். அதைத் தொடவே கூடாது. தோட்டத்துக் கிணற்றடியில், உச்சி வெயிலில், நியான் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கையால் நிழல் கட்டிப் பார்க்காமல் ‘கரண்ட் இல்லை’ என்று சொல்லிவிடும் ஆபத்து இங்கே ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறது.

தொடாமல் சோதிக்கும் பேனா வகை டெஸ்டர் இப்போது பரவலாகிவிட்டது. ஒயரின் மேல் உறையருகே கொண்டுபோனாலே ஒலி எழுப்பும். வீட்டு வேலைக்கு நல்ல துணை. ஆனால் பத்துத் தறி ஓடுகிற கூடத்தில் அந்த ‘பீப்’ யார் காதிலும் விழாது. ஒலியோடு பளிச்சென்ற விளக்கும் எரிகிற வகையைத்தான் இந்த ஊர்க்காரர் வாங்க வேண்டும். பக்கத்தில் ஓடும் வேறு ஒயரின் மின்புலத்துக்கும் இது ஒலிக்கும். உலோகக் குழாய்க்குள் போகும் ஒயருக்கு ஒலிக்காது. தேடிப் பார்க்க உதவும் என்பது சரி. ஒயரைத் தொடலாமா என்பதைத் தீர்மானிக்க உதவாது.

டெஸ்டர் ஏமாற்றும் இடங்களில் இந்தப் பகுதியில் அடிக்கடி வருவது நியூட்ரல் அறுபடுவது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை. இந்தச் சமவெளியெங்கும் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அந்தக் காற்றில் கம்பத்தில் தளர்ந்திருக்கும் நியூட்ரல் இணைப்பு விட்டுப்போகும். வீட்டில் விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது. பிளக்கில் டெஸ்டரை வைத்தால் இரண்டு துளையிலும் எரியும். ஸ்விட்ச் போட்டு விட்டிருக்கும் பல்பு வழியாகவோ ஃபேன் வழியாகவோ ஃபேஸின் அழுத்தம் நியூட்ரல் ஒயருக்கு வந்து நிற்பதே காரணம். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மறுபடி வைத்தால் நியூட்ரல் துளையில் ஒளி போய்விடும். கோளாறு இன்னதென்று அப்போதே தெரிந்துவிடும். இது தெரியாதவர் ‘டபுள் கரண்ட் வந்துவிட்டது’ என்று சொல்லி, ஒழுங்காக இருக்கும் வீட்டு ஒயரிங்கைப் பிரித்துப்போடுவார். மும்முனை லைனில் பொது நியூட்ரல் அறுந்தால் விளைவு இன்னும் மோசம். ஒரு வீட்டில் அழுத்தம் குறைந்து, அடுத்த வீட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி, டிவியும் ஃபிரிட்ஜும் போகும். எத்தனை வோல்ட் என்று டெஸ்டர் சொல்லாது. மல்டிமீட்டர் வேண்டும்.

ஆகவே இரண்டு கம்பி கொண்ட மல்டிமீட்டர், அல்லது அதன் வேலையையும் செய்கிற கிளாம்ப் மீட்டர், ஆடம்பரப் பொருள் அல்ல. கிளாம்ப் மீட்டருக்குத் தொழிலில் டாங் டெஸ்டர் என்று பெயர். ஒயரை வெட்டாமல், அதைச் சுற்றி வாயைக் கவ்வ வைத்து ஆம்பியர் பார்க்கலாம். தறி மோட்டார், நீர்மூழ்கி மோட்டார் இரண்டிலும் மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் சமமாக ஓடுகிறதா என்று பார்ப்பதே பாதி வைத்தியம். மீட்டரில் மூன்றாம் வகை 600 வோல்ட் பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர்களில் குறி அச்சடித்திருக்கும். உள்ளே ஃபியூஸ் அதற்கேற்ற தரத்தில் இருக்காது. மும்முனைப் பேனலில் அதைப் பயன்படுத்துவதைவிட, இரண்டு 230 வோல்ட் பல்புகளைத் தொடரில் இணைத்த பழைய சோதனை விளக்கு எவ்வளவோ மேல்.

எந்தக் கருவியானாலும் முறை ஒன்றே. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில். பிறகு மறுபடி தெரிந்த இடத்தில். மெயினை அணைத்தாலும் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் சில ஒயர்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மாடிகளில் சோலார் தகடுகள் பெருகிவரும் இக்காலத்தில் இது இன்னும் கூடும்.

கட்டிங் பிளேயர்

தொழிலின் சின்னமே இதுதான். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1857இல், தந்திக் கம்பியாள் ஒருவர் கொண்டுவந்த உடைந்த பிளேயருக்கு ஒரு பாதியைப் புதிதாக அடித்துக் கொடுத்து, பிறகு மறு பாதியும் உடைந்தபோது அதையும் செய்து கொடுத்ததில் மத்தியாஸ் கிளைன் என்பவரின் கருவித் தொழில் தொடங்கியது. இந்தியாவில் இந்தக் கருவியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த பெயர்களில் முன்னிற்பது தபாரியா. சுவீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1960களின் இறுதியில் நாசிக்கில் உற்பத்தி தொடங்கிய நிறுவனம் அது. தமிழ்நாட்டு மின்கடைகளில் 8 அங்குல பிளேயர் கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. தாடையை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டு விளிம்பில் ஒளி கசியக் கூடாது. கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆணியில் தளர்வு இருக்கக் கூடாது. அதே சமயம் ஒரு கையால் திறந்து மூட முடிய வேண்டும். ஒற்றை இழை மெல்லிய ஒயர் ஒன்றை நுனி, நடு, அடி என மூன்று இடத்திலும் வெட்டிப் பார்ப்பது நல்லது. இவ்வகைப் பிளேயருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3650. போலிகள் நிறைய உலவுவதால், எழுத்து உலோகத்தில் அடித்துப் பதிந்திருக்கிறதா, மேலே அச்சிட்டதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

பெரிய தவறான நம்பிக்கை கைப்பிடி உறையைப் பற்றியது. சிவப்பு உறையோ மஞ்சள் உறையோ போட்ட பிளேயர் எல்லாமே ஷாக் அடிக்காது என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலான உறைகள் பிடிமானத்துக்காகப் போட்டவை. மின்காப்புக்கென்று செய்த கருவிகளுக்கு ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரநிலை உண்டு. அதன்படி செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பதிந்திருக்கும். ஒவ்வொரு கருவியும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டே வெளிவரும். திருப்புளியானால் நுனியைத் தவிரத் தண்டு முழுவதும் காப்பு மூடியிருக்கும். விலை இரண்டு மூன்று மடங்கு. பிளேயர் ஒன்று, திருப்புளி இரண்டு, இவற்றையாவது இந்தக் குறியோடு வாங்கிவிடுவது இன்றியமையாதது. உறையில் ஒரு வெட்டோ கீறலோ விழுந்தால் அந்தச் சான்று அன்றோடு முடிந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றினால் அது திரும்பி வராது.

ஒயர் உரிக்கப் பிளேயரைப் பயன்படுத்தும் பழக்கமும், அதைவிட மோசமாகப் பல்லால் கடித்து இழுக்கும் பழக்கமும் இந்தத் தொழிலில் ஆழமாக ஊறியவை. இப்போது வீடுகளில் ஓடுவது பல இழை ஒயர்: விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4. பிளேயரில் உரித்தால் இரண்டு மூன்று இழை அறுந்து உறையோடு போய்விடும். மிச்ச இழைகள் அந்த இடத்தில் சூடாகும். சூட்டில் திருகு தளரும். தளர்ந்த இடத்தில் பொறி வரும். வீட்டில் இது ஸ்விட்ச் உருகுவதோடு நிற்கலாம். பஞ்சுத் தூசி படிந்த தறிக்கூடத்தில் அப்படி நிற்காது. ஒயர் ஸ்டிரிப்பர் விலை பெரிதல்ல. அளவு துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதே காரணத்துக்காக, மோட்டார் முனைகளில் ஒயரை வளைத்துச் சுற்றி முறுக்காமல் லக் போட்டுக் கிரிம்பிங் கருவியால் அழுத்துவது இங்கே அவசியம்.

மற்றக் கருவிகள்

திருப்புளிகளில் தட்டை முனை இரண்டு அளவு, ஸ்டார் முனை இரண்டு அளவு போதும். ஸ்டார் முனைத் திருகு 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் பெயரில் பரவியது. முனை அளவு பொருந்தாவிட்டால் திருகின் தலை தேய்ந்து, அடுத்து வருபவருக்குக் கழற்ற முடியாமல் போகும். மாடுலர் ஸ்விட்சுகளின் சிறு திருகுகளுக்கு டெஸ்டரையே திருப்புளியாக்குவது வழக்கம். அப்படி முறுக்கி முறுக்கித்தான் டெஸ்டரின் கைப்பிடி வெடிக்கிறது. சோதிக்கும் கருவியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

ஸ்பேனரில் 10-11, 12-13 இரண்டும் தினசரி வேண்டும், 6 மி.மீ. போல்ட்டுக்குப் பத்தும், 8 மி.மீ. போல்ட்டுக்குப் பதின்மூன்றும் பொருந்தும். ஸ்டார்ட்டர், மோட்டார் முனைப்பெட்டி, எர்த் இணைப்பு எல்லாம் இவற்றுக்குள் அடங்கும். நோஸ் பிளேயர், அரை கிலோ சுத்தியல், உளி, ஹேக்ஸா, இன்ச் டேப், சிறிய ரசமட்டம், கத்தி ஆகியவை வழக்கம்போல. மரச்சட்டத்தில் ஆணி அடித்துக் கிளிப்பில் ஒயரை மடக்கிய காலத்துப் போக்கரும் சின்னச் சுத்தியும் இன்று பழைய வீடுகளில் மட்டுமே தேவைப்படுகின்றன. அவற்றின் இடத்தைச் சுவரில் காடி வெட்டும் மெஷினும், குழாய்க்குள் ஒயர் இழுக்கும் நைலான் கம்பியும் பிடித்துவிட்டன. முன்பு இதற்கு ஜி.ஐ. கம்பியைப் பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே மின்சாரம் ஓடும் குழாயில் உலோகக் கம்பியை நுழைப்பது உயிரோடு விளையாடுவது.

தறிக்கூடங்களுக்குப் போகிறவர் பையில் இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ் ஒன்றும் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தவுடன் உள்ளே படிந்திருக்கும் பஞ்சை வாயால் ஊதாமல் பிரஷால் துடைக்கலாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகு.

பை

இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் கருவிகளை ரெக்ஸின் பையிலோ பழைய பள்ளிப்பையிலோ போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். தரையில் நின்று செய்யும் வேலைக்கு அது போதும். ஏணி ஏறினவுடன் சிக்கல் தொடங்குகிறது. பை கீழே, ஆள் மேலே. உதவியாளர் இருந்தால் எறிந்து பிடிக்கிறார்கள். இல்லாவிட்டால் பிளேயர் கைலி மடிப்பிலும், டெஸ்டர் சட்டைப்பையிலும், திருகுகள் வாயிலும் போகின்றன. கைக்கு எட்டாத கருவி எவ்வளவு நல்லதானாலும் பயன்படாது. ஸ்டிரிப்பர் பையில் கிடக்க, மேலே நிற்பவர் பல்லைத்தான் பயன்படுத்துவார். இடுப்புப்பையை இரண்டாம்பட்சமாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நல்ல இடுப்புப்பையில் ஆறு ஏழு கருவிக்கு மேல் இடம் தேவையில்லை: பிளேயர், ஸ்டிரிப்பர், திருப்புளி மூன்று, டெஸ்டர், டேப், திருகுக்கு ஒரு மூடியுள்ள சிறு பை. பெரிய பை வாங்கினால் அது நிரம்பும். நிரம்பினால் இடுப்பு ஒரு பக்கம் சாயும். மாலைக்குள் முதுகு வலிக்கும். பழகிய கையின் பக்கம் பை தொங்க வேண்டும். முதுகுத்தண்டுக்கு நேரே எதையும் செருகக் கூடாது; மல்லாந்து விழுந்தால் அந்தக் கருவிமேல்தான் முதுகு விழும். கூர்முனைகள் கீழ்நோக்கி, அடி தைத்து மூடிய தனித்தனிக் கூட்டில் நிற்க வேண்டும்.

தோல் பை வடிவம் குலையாமல் நிற்கும், ஒரு கையால் கருவியை எடுக்கவும் வைக்கவும் வசதி. ஆனால் வியர்வையையும் மழையையும் உறிஞ்சும். ஈரத் தோல் மின்காப்பு அல்ல. கேன்வாஸும் தடித்த நைலானும் லேசானவை, துவைக்கலாம். ஒட்டுப்பட்டை மூடி உள்ளதைத் தறிக்கூடத்துக்கு வாங்க வேண்டாம். சில வாரத்திலேயே பஞ்சு அடைத்து ஒட்டாமல் போகும். பட்டன் அல்லது கொக்கி மூடி நல்லது. வெளிநாட்டு மாதிரிப் பைகளில் இன்சுலேஷன் டேப் மாட்ட இரும்புச் சங்கிலி தொங்கும். பேனலுக்கு முன் குனியும்போது அது முனைகளில் படக்கூடியது. வாங்கியவுடன் அறுத்துவிட்டு நாடா கட்டிக்கொள்ளலாம். மோதிரம், வெள்ளிக் காப்பு, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

தறிக்கு அருகில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடும் பெல்ட்டும் சுழலும் தண்டும் தொங்குகிற எதையும் இழுத்துக்கொள்ளும். பக்கத்துத் தறியை நிறுத்தாமல் ஒரு தறியின் மோட்டாரைப் பார்க்கும் வேலை இங்கே சாதாரணம். அந்த நேரத்தில் நீண்ட வார், தளர்ந்த பட்டை, தோளில் மாட்டும் பை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பையைக் கழற்றி வைத்துவிட்டு, வேண்டிய இரண்டு கருவியோடு போவதே முறை. காற்றாலையில் நிலைமை வேறு: அங்கே ஒவ்வொரு கருவிக்கும் கயிறு கட்டி உடம்போடு பிணைப்பார்கள், உயரத்திலிருந்து விழும் ஸ்பேனர் கீழே நிற்பவரைக் கொன்றுவிடும் என்பதால். அது தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. அந்தப் பழக்கத்தைத் தறிக்கூடத்துக்கு எடுத்து வரக் கூடாது.

மூத்தவர்களில் பலர் கைலி கட்டி வேலை செய்பவர்கள். அவர்களுக்கு பெல்ட் கோக்கும் பை உதவாது. சொந்தப் பட்டையோடு கூடிய பையாக வாங்க வேண்டும். பை தைக்கும் கடையில் அளவு சொல்லித் தைத்துக்கொள்வதும் நல்ல வழி. அப்படித் தைக்கும்போது ஒரு கூடுதல் அறை வைக்கச் சொல்ல வேண்டும். பழைய மின்கம்பியாளர்கள் மெயினை அணைத்ததோடு விட மாட்டார்கள். பீங்கான் ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தம் பையிலேயே போட்டுக்கொள்வார்கள். வேலை முடியும்வரை வேறு யாரும் மின்சாரம் போட முடியாது. இப்போது எம்.சி.பி. வந்துவிட்டதால் அந்தப் பழக்கம் மங்கிவருகிறது. எம்.சி.பி.க்கான சிறு பூட்டும் ‘வேலை நடக்கிறது’ என்ற அட்டையும் அந்த அறையில் இருக்க வேண்டும். வீட்டில் யாரோ ‘ஏன் கரண்ட் இல்லை’ என்று ஸ்விட்சைத் தூக்கிவிடுவதால் நேரும் விபத்தைத் தடுக்க இதைவிட மலிவான கருவி வேறு கிடையாது.

உரிமமும் பராமரிப்பும்

தமிழ்நாட்டில் மின்பணித் தகுதிச் சான்றுகளை மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஒயர்மேன் பிரிவுகள் இரண்டாண்டுப் படிப்பு. இந்தப் பகுதிக்குத் திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ. நெடுங்காலப் பெயர் பெற்றது. படிக்காமல் அனுபவத்தில் வந்தவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு உண்டு. 21 வயது நிரம்பி, ஐந்தாண்டுக்குக் குறையாத ஒயரிங் அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம். குருவிடம் கற்றுக்கொண்டு காலம் தள்ளும் இளைஞர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சான்று இல்லாதவர் செய்த ஒயரிங்கில் விபத்து நேர்ந்தால் வீட்டுக்காரரும் சேர்ந்தே சிக்குவார்.

கருவிகளை மாதம் ஒருமுறை பரப்பிப் பார்த்தால் போதும். பிளேயரின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டு. காப்பு உறையில் எண்ணெய் படிய விடக் கூடாது; ரப்பர் ஊறி இளகும். மீட்டர் கம்பிகளின் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். கழித்த பிளேயர் தோட்ட வேலைக்குப் போகலாம். கைப்பிடி வெடித்த டெஸ்டரை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, பையின் அடியிலும் போட்டு வைக்கக் கூடாது. அன்றே உடைத்துப்போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் வேலைக்குச் சேரும் பையன் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஏணி ஏறுவான்.